கறுப்பினச் சோதனைப் படங்களை 16 மி.மீ. சுருளில் திரையிட: முதன்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்த இடத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தில் சேர்ந்து, கறுப்பினக் கலைஞர்களின் சோதனைப் படங்களை (வழக்கமான கதை சொல்லலை விட்டு வடிவத்திலேயே சோதனை செய்யும் ‘எக்ஸ்பெரிமென்டல்’ படங்களை) ஒரு மாலை முழுவதும் திரையிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், படங்களைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் அவற்றை முறையாக வரவழைத்து, காட்டி, பத்திரமாகத் திருப்பி அனுப்புவதே கடினம் என்பதை விரைவில் உணர்வீர்கள். நான் இந்த வேலையில் இறங்கியபோது யாரிடம் எதைக் கேட்பது, எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதை ஒரே இடத்தில் சொல்லும் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. கதைப் படத்துக்கு அனுமதி வாங்கிப் பழகியவர்களின் அறிவுரையும் இங்கே பாதிதான் உதவியது.

காரணம் இந்தப் படங்களின் இயல்பில் இருக்கிறது. பிம்பம் எதைக் காட்டுகிறது என்பதைப் போலவே, அது எதன்மீது பதிந்திருக்கிறது என்பதும் இவற்றில் பொருளாகிறது. கீறல், பூஞ்சைக் கறை, அளவுக்கு மீறிய இருள், ஒலியில்லாத நிமிடங்கள் எல்லாமே பெரும்பாலும் கலைஞரின் முடிவுகள்தான். ஆனால் திரையிடுவதற்கான சுருள் பிரதியான பிரிண்டைச் சோதிப்பவருக்கும் புரொஜெக்டரை இயக்குபவருக்கும் அரங்கப் பொறுப்பாளருக்கும் அவை பழுதாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்: இந்தக் கீறல் கலைஞருடையதா, பிரிண்டினுடையதா?

1. படம் எந்த வடிவில் கிடைக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

படச்சுருளின்மேல் வேலை செய்த கலைஞர்களின் படங்கள் எல்லாமே சுருளாகத்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜடோவியா கேரியின் ‘ஆன் எக்ஸ்டாட்டிக் எக்ஸ்பீரியன்ஸ்’ (2015) ஆறு நிமிடப் படம். அடிமைமுறையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை நடிகை ரூபி டீ பேசிக் காட்டும் பழைய தொலைக்காட்சிப் பதிவின்மேல் கேரி கீறியும் வண்ணம் தீட்டியும் இருக்கிறார். அந்தக் கோடுகள் அந்த முகத்தை மறைப்பதும் ஒளிவட்டம்போல் சூழ்வதும் கைவேலைதான் என்றாலும், நமக்குக் கிடைப்பது டிஜிட்டல் கோப்பு. கிரிஸ்டல் இஸட் கேம்பெல்லின் ‘கோ-ரில்லா மீன்ஸ் வார்’ (2017), நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஸ்லேவ் தியேட்டரில் கைவிடப்பட்டுக் கிடந்த 35 மி.மீ. சுருளிலிருந்து பிறந்தது. சுருளின் பூச்சு சிதைந்து நிறங்கள் கரைந்து ஓடுவதுதான் அந்தப் படம். இதுவும் கோப்பாகவே வரும். இந்த இரண்டுக்கும் “சுருள்தான் வேண்டும்” என்று அடம்பிடிப்பது வீண்.

இதற்கு நேர்மாறானவை கிறிஸ்டஃபர் ஹாரிஸின் படங்கள். ‘ஸ்டில்/ஹியர்’ ஒரு மணி நேரம் ஓடும் கறுப்பு வெள்ளை 16 மி.மீ. படம். செயின்ட் லூயிஸ் நகரின் வடபகுதியில் இடிந்து நிற்கும் வீடுகளையும் காலி மனைகளையும் நீண்ட நேரம் பார்க்கிறது. ‘ரெக்லெஸ் ஐபாலிங்’ (2004) கையால் கழுவி, சுருளில் உள்ள பிம்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி படமெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்ட 14 நிமிடப் படம். அதில் கறுப்பும் வெள்ளையும் நெகட்டிவாகவும் பாசிட்டிவாகவும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததையே குற்றமாக்கிக் கறுப்பின ஆண்களைத் தண்டித்த காலத்தின் சொல் அதன் தலைப்பு. யார் யாரைப் பார்க்கலாம் என்பதைப் பேசும் படம் என்பதால், வெளிச்சமும் இருளும் எவ்வளவு கூர்மையாகப் பிரிகின்றன என்பதிலேயே அதன் வாதம் தங்கியிருக்கிறது. இத்தகைய படங்களுக்குச் சுருள் கிடைக்குமென்றால் கூடுதல் செலவு செய்து சுருளையே வரவழையுங்கள்.

கெவின் ஜெரோம் எவர்சனின் ‘ஈரீ’ (2010) வேறு காரணத்துக்காக இந்தப் பேச்சில் வருகிறது. அதன் காட்சிகள் வெட்டில்லாத ஒற்றை எடுப்புகள். காமிராவில் ஏற்றிய சுருள் எவ்வளவு நேரம் ஓடுமோ அதுவே எடுப்பின் எல்லை. 16 மி.மீ. சுருளில் ஓரடிக்கு 40 சட்டங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 24 சட்டம் என்ற வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். ஆக 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். “காட்சி ஏன் இவ்வளவு நீளம்” என்று உங்கள் சங்கத்தில் எவராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அறிமுக உரைகளில் இதைவிடப் பயன்படும் வாக்கியத்தை நான் கண்டதில்லை.

2. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேகமும் செலவும் வேறு.

முதலாவது, கலைஞர்களின் படங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள். சான் பிரான்சிஸ்கோவில் கேன்யன் சினிமாவும் நியூயார்க்கில் ஃபிலிம்-மேக்கர்ஸ் கோஆபரேட்டிவும் 16 மி.மீ. பிரிண்டுகளுக்கு முதலில் தேட வேண்டிய இடங்கள். காலீன் ஸ்மித்தின் ‘க்ரானிக்கிள்ஸ் ஆஃப் எ லையிங் ஸ்பிரிட்’ (1992) கேன்யனின் பட்டியலில் உண்டு. சிகாகோக்காரரான எட்வர்ட் ஓவன்ஸ் பதின்பருவத்தின் முடிவில், 1960களில் எடுத்த படங்கள் கோஆபரேட்டிவிடம் உண்டு. வீடியோ படைப்புகளுக்குச் சிகாகோவின் வீடியோ டேட்டா பேங்க்கையும் நியூயார்க்கின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸையும் கேளுங்கள். நியூயார்க்கின் இன்னொரு விநியோக நிறுவனமான தர்ட் வேர்ல்ட் நியூஸ்ரீலையும் விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ் போன்ற குழுக்களின் படங்களைத் தேடினால் லண்டனில் உள்ள லக்ஸ் என்ற விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, ஆவணக் காப்பகங்கள். பார்பரா மெக்கல்லோவின் ‘வாட்டர் ரிச்சுவல் #1’ (1979) லாஸ் ஏஞ்சலிஸில் நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்துத் தரிசாக்கிய நிலத்தில் எடுக்கப்பட்டது. அதைப் பாதுகாத்து மீட்டது யூ.சி.எல்.ஏ. திரைப்படக் காப்பகம். காப்பகப் பிரிண்ட் என்றால் நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். உங்கள் அரங்கின் புரொஜெக்டர் எது, இயக்குபவரின் அனுபவம் என்ன என்றெல்லாம் விரிவான படிவம் கேட்பார்கள். எல்லாச் சுருளையும் ஒன்றாக ஒட்டித் தட்டில் ஏற்றி ஓட்டும் அரங்குகளுக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். முதன்முறை ஏற்பாடு செய்கிறீர்கள் என்றால் இதைத் தள்ளிவைத்து, டிஜிட்டல் பிரதி உண்டா என்று மட்டும் விசாரியுங்கள்.

மூன்றாவது, கலைஞரின் கேலரி. கலைக்கூடங்களில் காட்சிப்படுத்தப்படும் படைப்பு என்றால் பதில் தாமதமாகும். சில வேளை “அரங்கில் திரையிட அனுமதியில்லை” என்றே பதில் வரும். நான்காவது, கலைஞரே நேரடியாக. கலைஞரின் மின்னஞ்சல் தெரிந்திருந்தாலும், வாடகை நிறுவனம் ஒன்று அந்தப் படத்தை வைத்திருந்தால் முதலில் அதற்கே எழுதுங்கள். கலைஞரிடம் இலவசமாகக் கேட்பது மரியாதைக்குறைவு. வாடகையில் ஒரு கணிசமான பங்கு அவருக்குத்தான் போகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காகக் கடவுச்சொல்லுடன் ஓர் இணைப்பு அனுப்புவார்கள். அது உங்கள் கண்ணுக்கு மட்டும். அதையே அரங்கில் ஓட்டுவது ஒப்பந்த மீறல். அதேபோல, வகுப்பறையில் ஆசிரியர் நேரில் இருந்து பாடத்தின் பகுதியாகக் காட்டுவதற்கு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 110(1) பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு சட்டப்படி உருவாக்கப்பட்ட பிரதிக்கு மட்டுமே பொருந்தும். சங்கத்தின் பொதுத் திரையிடலுக்குப் பொருந்தாது. நுழைவு இலவசம் என்பதால் அனுமதி தேவையில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

3. தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வாடகை நிறுவனத்துக்குத் திரையிடலுக்கு எட்டு வாரம் முன்பாகவாவது எழுதுங்கள். காப்பகத்துக்கு நான்கு மாதம் தேவைப்படும். பல படங்களுக்கு வாடகைக்கு விடத்தக்க பிரிண்ட் ஒன்றுதான் இருக்கும். அது வேறோர் ஊருக்குப் போயிருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் அந்த மாதத்தில் இந்தப் படங்களுக்குக் கேட்பவர்கள் அதிகம். உங்களுக்குத் தேதியில் விருப்பம் ஏதுமில்லை என்றால் அக்டோபரையோ ஏப்ரலையோ தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைவாக வந்தாலும் பிரிண்ட் கிடைக்கும். இந்தப் படங்களுக்கு ஆண்டின் ஒரே மாதம்தான் உரியது என்ற வழக்கத்துக்கும் நீங்கள் துணைபோக மாட்டீர்கள்.

பிரிண்ட் உங்கள் கைக்கு வர வேண்டிய நாள் திரையிடலுக்கு மூன்று வேலை நாள் முன்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முந்தைய நாள் வந்தால் சோதிக்க நேரம் இருக்காது. இந்தப் படங்களைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது.

4. செலவைத் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள்

குறும்படங்களுக்கு வாடகை பெரும்பாலும் நீளத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்குச் சில டாலர் என்ற அளவில் இருக்கும். நிமிடத்துக்கு 4 டாலர் என்று வைத்துக்கொண்டால், 70 நிமிட நிகழ்ச்சிக்கு 280 டாலர். இந்தத் தொகை யாரையும் பயமுறுத்தாது. பயமுறுத்துவது மற்றவை: இருவழி அஞ்சல் செலவு உங்களுடையது, திருப்பி அனுப்பும்போது காப்பீட்டுடன் அனுப்ப வேண்டும், மூன்று நிறுவனங்களிலிருந்து வரவழைத்தால் இந்தச் செலவு மும்மடங்கு. ஆகவே முதல் நிகழ்ச்சிக்கு முடிந்தவரை ஒரே நிறுவனத்தின் பட்டியலிலிருந்து சுருள்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைக் கோப்பாக வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

புரொஜெக்டர் விளக்குக்கு மாற்று விளக்கு கட்டாயம். பழைய 16 மி.மீ. புரொஜெக்டர்கள் பலவற்றில் 24 வோல்ட் 250 வாட் ஈ.எல்.சி. வகை விளக்கு இருக்கும். அதன் விலை அதிகமில்லை. ஒலித்தடத்தைப் படிக்கும் சிறு விளக்கு தனி. அதற்கும் ஒன்று மாற்று வைத்திருங்கள். இயக்குபவருக்கு ஊதியம், கலைஞர் வந்து பேசுவதானால் அவருக்கு மதிப்பூதியம், இரண்டையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். பணம் மிஞ்சினால் கலைஞரை அழைக்கலாம் என்று வைத்தால் பணம் ஒருபோதும் மிஞ்சாது.

5. தாள்கள்

பல்கலைக்கழகப் பணத்தைச் செலவிடுகிறீர்கள் என்றால், தாமதத்தின் பெரும்பகுதி வெளியே இல்லை, உங்கள் கணக்கு அலுவலகத்தில்தான் இருக்கும். புதிய நிறுவனம் ஒன்றைப் பணம் பெறுவோர் பட்டியலில் சேர்ப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முதல் மின்னஞ்சலிலேயே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: நிறுவனத்தின் வரி அடையாள எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம், திரையிடும் தேதி, இடம், காட்சிகளின் எண்ணிக்கை, பார்வையாளர் எண்ணிக்கையின் மதிப்பீடு ஆகியவை தெளிவாக எழுதப்பட்ட விலைப்பட்டியல், பொதுத் திரையிடல் உரிமை இதில் அடங்கும் என்ற வாக்கியம். கலைஞர் அமெரிக்காவுக்கு வெளியே வரி செலுத்துபவர் என்றால் அதற்குப் பதிலாக டபிள்யூ-8பென் படிவம் தேவைப்படும். அதை நிரப்பி வாங்க நேரம் ஒதுக்குங்கள். சில நிறுவனங்கள் உங்கள் அரங்கின் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்கும். அதைப் பல்கலைக்கழகத்தின் இடர் மேலாண்மை அலுவலகம் தரும். நீங்களாக எழுதிக் கொடுக்க முடியாது.

வாடகை ஒப்பந்தத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பத்தி சேதம் பற்றியது. பிரிண்ட் கிழிந்தாலோ கீறல் விழுந்தாலோ மாற்றுப் பிரிண்ட் போடும் செலவு உங்களுடையது. சிறிய வண்ணப் படத்துக்கே அது சில நூறு டாலரில் தொடங்கும். இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி பணக் கேள்வியாக மாறுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், “இந்தப் பிரிண்டின் கடைசிச் சோதனை அறிக்கையை அனுப்புங்கள், படத்தின் பகுதியாக உள்ள கீறல், கறை, வெற்றுச் சட்டம், ஒலியற்ற பகுதி ஆகியவை எவை என்று குறிப்பிடுங்கள்” என்று எழுதுங்கள். நல்ல நிறுவனங்கள் இதை வரவேற்கும். பல வேளை கலைஞரின் குறிப்பையே சேர்த்து அனுப்பும். அறிக்கையில்லாமல் பெற்றுக்கொண்ட ஒரு பிரிண்டை, ஏற்கெனவே இருந்த கீறலுக்காக எங்கள் கணக்கில் எழுத முயன்றார்கள். பெட்டியைத் திறந்தபோதே எடுத்து வைத்த புகைப்படங்கள் இல்லையென்றால் அந்தத் தொகையைக் கட்டியிருப்போம்.

6. புரொஜெக்டரும் அறையும்

சுருளைத் தானே இழுத்துக்கொள்ளும் வகைப் புரொஜெக்டர்களை வாடகை நிறுவனங்கள் பல ஏற்பதில்லை. அவை சுருளின் தலைப்பகுதியை நசுக்கும். கையால் கோக்கும் வகையையோ பக்கவாட்டுப் பிளவில் செருகும் வகையையோ தேடுங்கள். பல்கலைக்கழகங்களில் திரைப்படத் துறையின் அலமாரியில் ஒன்றாவது இருக்கும். வேலை செய்கிறது என்று சொன்னால் போதாது. உங்களுக்குச் சொந்தமான, மதிப்பில்லாத ஒரு சுருளை முழுவதும் ஓட்டிப் பார்த்து, புதிதாகக் கோடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நொடிக்கு 24 சட்டமா, 18 சட்டமா என்பதை ஒவ்வொரு படத்துக்கும் கேட்டு எழுதி வையுங்கள். பேசாப் படம் என்றால் ஒலியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். அறையில் மெல்லிய இசை ஓடட்டும் என்று எவராவது பரிந்துரைப்பார்கள். மறுத்துவிடுங்கள்.

அறையின் இருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எட்வர்ட் ஓவன்ஸின் ‘ரிமெம்பரன்ஸ்: எ போர்ட்ரெய்ட் ஸ்டடி’ (1967) தன் தாயையும் அவருடைய தோழிகளையும் பற்றியது. முகங்கள் ஆழ்ந்த நிழலிலிருந்து மெல்ல எழுந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. வெளியேறும் வழியைக் காட்டும் சிவப்பு விளக்கின் வெளிச்சம் திரையில் பட்டால் அந்த நிழலுக்குள் இருக்கும் அடுக்குகள் சாம்பலாகிவிடும். கறுப்பு உடல்களை ஒளியமைக்க அக்கறை காட்டாத ஒரு தொழிலின் பழக்கத்தால், திரையில் கருமை கண்டவுடன் “இருட்டாக இருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டுங்கள்” என்பது அரங்கில் அனிச்சையாக வரும் குரல். கூட்டக் கூடாது. திரையைச் சிறிதாக்குங்கள்: புரொஜெக்டரை முன்னால் நகர்த்திப் பிம்பத்தின் அகலத்தைக் குறைத்தால், அதே விளக்கில் பிம்பம் செறிவாகும், கருமையும் கருமையாகவே நிற்கும். பாதுகாப்பு விளக்குகளை அணைக்க முடியாது. அவற்றின் ஒளி திரையில் படாமல் தடுப்பு வைக்கலாமா என்று தீயணைப்புப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

7. பிரிண்ட் வந்ததும்

பெட்டியைத் திறந்ததும் வெளிப்புறம், உட்புறம், சுருளின் முதல் சில அடிகள் எல்லாவற்றையும் தேதியுடன் படம் எடுங்கள். சுருள் தலை (படத்தின் தொடக்கம்) வெளியே இருக்கும்படி வந்ததா, வால் (முடிவு) வெளியே இருக்கும்படி வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரங்களை மட்டும் பிடித்து, கையால் சுற்றும் சுழற்றியில் மெதுவாக ஓட்டி, ஒட்டுகளையும் கிழிந்த துளைகளையும் சோதனை அறிக்கையுடன் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அன்றைக்கே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். ஒட்டு தளர்ந்திருந்தாலும் அனுமதி கேட்காமல் நீங்களே வெட்டி ஒட்டாதீர்கள். வசதிக்காகப் பல படங்களை ஒரே பெரிய ரீலில் சேர்ப்பதும் அப்படியே. புரொஜெக்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் படங்களுக்கு இடையே விளக்கைப் போட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள்.

இயக்குபவருடன் அமர்ந்து எல்லாப் படங்களையும் ஒருமுறை முழுவதுமாக ஓட்டிப் பாருங்கள். காலீன் ஸ்மித்தின் ஆறு நிமிடப் படத்தில் பிம்பங்களின் வரிசை இரண்டு முறை வருகிறது; ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசும் இரு குரல்களில், முதலில் அமுங்கிப்போன குரல் இரண்டாம் முறைதான் காதில் தெளிகிறது. இது தெரியாத புரொஜெக்டர் இயக்குபவர் சுருள் மாறிவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ‘ஸ்டில்/ஹியர்’ படத்தில் ஒலியும் பிம்பமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதும் தொலைபேசி எடுப்பாரின்றி ஒலிப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் நீளம், வேகம், ஒலி உண்டா, “பழுதுபோலத் தெரியும் ஆனால் பழுதல்ல” என்ற தலைப்பின்கீழ் என்னென்ன என்று எழுதிப் புரொஜெக்டர் அறையின் சுவரில் ஒட்டுங்கள்.

கோப்பாக வரும் படங்களுக்கும் இதே சோதனை தேவை. வீட்டுத் தொலைக்காட்சியில் இருக்கும் “இரைச்சல் நீக்கம்”, “அசைவைச் சீராக்கு” போன்ற வசதிகள் அரங்கின் டிஜிட்டல் கருவியில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். கேம்பெல்லின் படத்தில் உள்ள சிதைவையும் கேரியின் கோடுகளையும் அவை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு மழுக்கிவிடும். எல்லாவற்றையும் அணையுங்கள்.

8. பார்வையாளர்களுக்கு

நிகழ்ச்சித் தாளில் கலைஞரின் பெயர், ஆண்டு, வடிவம், நீளம், யாரிடமிருந்து பெறப்பட்டது என்பவற்றை நிறுவனம் கேட்டபடியே அச்சிடுங்கள். மின்னும் பிம்பங்கள் உள்ள படங்களுக்கு எச்சரிக்கை அவசியம். கேரியின் ‘தி கிவர்னி டாக்யுமென்ட்’ (2019) போன்ற படத்தில் காவலர் வன்முறையை அதன் சாட்சியே பதிவு செய்த காட்சி வருகிறது. அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். “இதற்கு என்ன அர்த்தம்” என்று நீங்களே விளக்கிவிடாதீர்கள். கறுப்பினக் கலைஞர் எடுத்தது என்றாலே சமூகத் தகவல் தர வேண்டும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் படம் எந்தச் சுருளில், எப்படி, எந்த இடத்தில் செய்யப்பட்டது என்பதைச் சொன்னாலே பேச்சு சரியான திசையில் தொடங்கும்.

9. திருப்பி அனுப்புதல்

சுருளை எந்த நிலையில் அனுப்பச் சொன்னார்களோ அதே நிலையில் வையுங்கள். வால் வெளியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் பின்னோக்கிச் சுற்ற வேண்டாம். அதே பெட்டியில், அதே உறையில், திரையிடலுக்கு அடுத்த வேலை நாளில் யூ.பி.எஸ்ஸிலோ ஃபெடெக்ஸிலோ காப்பீட்டுடன் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுருள் எங்கே இருக்கும் என்று முன்பே முடிவுசெய்யுங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பகுதி அதற்கான இடமல்ல. கண்காணிப்பு எண்ணையும், ஓட்டியபின் எடுத்த சோதனைக் குறிப்பையும், உண்மையில் வந்த பார்வையாளர் எண்ணிக்கையையும் ஒரே மின்னஞ்சலில் நிறுவனத்துக்கு அனுப்பி, பிரிண்ட் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று அவர்கள் எழுத்தில் சொல்லும்வரை உங்கள் புகைப்படங்களை அழிக்காதீர்கள்.